மின்னோட்டத்தின் மடை

கருவியைப் பயன்படுத்தத் தெரிந்தால் போதும், அஃது இயங்கும் முறையை அறிவது எதற்கு என்று வினவுவோர் பலர். இவ்வெண்ணம் பொருந்தாது என்பதை டிரான்சிஸ்டர் என்னும் சிறு கருவியைக்கொண்டே தெளியலாம்.

தூத்துக்குடி மில்லர்புரத்து மாணவர்க்கு உப்பளம் புதியதன்று. உப்பளத் தொழிலாளி மடையைச் சிறிது திறக்கிறார்; உவர்நீர் பாத்தியிற் பாய்கிறது. அடைக்கிறார், பாய்ச்சல் நின்றுவிடுகிறது. அவர் கை நீரை உண்டாக்குவதில்லை, நீரோட்டத்தை ஆள்கிறது. டிரான்சிஸ்டரின் பணியும் இத்தகையதே.

சிலிக்கான் போன்ற குறைகடத்தியால் ஆகிய அதற்கு உமிழ்ப்பான், அடிவாய், ஏற்பான் என மூன்று முனைகள் உண்டு. அடிவாயிற் செல்லும் சிறு மின்னோட்டம், மற்றை இரு முனைகளுக்கிடையே செல்லும் பெருமின்னோட்டத்தை ஆள்கிறது. சிறியது மிகின் பெரியதும் மிகும்; சிறியது நின்றால் பெரியதும் நிற்கும். பெரியது சிறியதைப்போல் நூறு மடங்காக இருத்தலும் உண்டு. வானொலிப் பெட்டியில் அலைவழி வரும் குறிப்பு மிக மெலிந்தது. மின்கலத்தின் ஓட்டத்தை அக்குறிப்பின் ஏற்றத்தாழ்விற்கேற்ப டிரான்சிஸ்டர் விடுவதால், ஒலிபெருக்கி உரக்கப் பேசுகிறது.

1947ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பார்டீன், பிராட்டன் என்போர் முதல் டிரான்சிஸ்டரை இயக்கிக் காட்டினர். அவ்விருவரும் ஷாக்லியும் 1956இல் நோபல் பரிசு பெற்றனர். அதற்கு முன் வானொலியில் இருந்த வால்வுகள் சூடேறியே இயங்கின. மின்னாற்றலை மிகுதியாக உண்டன. டிரான்சிஸ்டருக்கோ சில உலர்மின்கலங்களே போதும். ஆகவே, வானொலி மீனவரின் படகிலும் ஏறியது; புயல் எச்சரிக்கை கடல்மேலும் கேட்டது. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயலை நினைப்போர், அத்தகைய எச்சரிக்கையின் அருமையை உணர்வர்.

கடல் நடுவே அப்பெட்டி ஊமையானால் என் செய்வது? டிரான்சிஸ்டரே ஆற்றலைப் படைக்கிறது என்று கருதுவோன் பெட்டியைத் தட்டிப் பார்த்துச் சோர்வான். அது மடையேயன்றி ஊற்றன்று என அறிந்தோன் முதற்கண் மின்கலத்தை நோக்குவான், தேய்ந்ததை மாற்றுவான். அறிவு உயிர்காக்கும் இடம் இது.

இன்றைய உயர்தரக் கைப்பேசியின் சில்லு ஒன்றில் ஆயிரம் கோடிக்கும் மேற்பட்ட டிரான்சிஸ்டர்கள் உள. இவை சிறு மின்னோட்டத்தாலன்றிச் சிறு மின்னழுத்தத்தால் ஆளப்படுவன. எனினும் கருத்து ஒன்றே. ஒவ்வொன்றும் திறத்தல், அடைத்தல் என்னும் இரு செயல்களையே செய்கிறது. அவற்றின் கூட்டத்தால் கணக்கும் எழுத்தும் படமும் பிறக்கின்றன.

கைப்பேசியை நாள்தோறும் ஏந்தியும் அதன் உள்ளியல்பை வினவாதவன், பிறர் செய்து தருவதை வாங்குபவனாகவே நின்றுவிடுவான். வினவுபவனே பழுது நீக்குவான். நாளை புதியது படைப்பான். மாணவர்காள்! கருவியைக் கையாளக் கற்பதோடு அமையாது, அதன் மடை எங்கே, ஊற்று எங்கே என்று ஆராய்ந்து அறிமின்.