தையல் தெரியாததா குறை?

வெளிநாட்டுத் தன்னார்வலர்கள் சில வாரம் தங்கித் தையல் கற்றுக்கொடுத்தால் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பெண்கள் சொந்தக் காலில் நின்றுவிடுவார்கள் என்னும் வாதம், இவர்களுக்குக் கைத்திறன் இல்லை என்ற தவறான அனுமானத்தின்மேல் நிற்கிறது. 1960களில் உருவான அம்பத்தூர் தொழிற்பேட்டையின் ஏற்றுமதி ஆடை ஆலைகளில் காலர், கை, பட்டன் எனப் பிரித்துத் தரப்படும் வேலையை மணிக்கணக்கு இலக்குக்குள் முடிப்பவர்கள் இப்பெண்கள்தாம்; ஆவடியிலோ ராணுவச் சீருடைக்கென்றே ஒரு தொழிற்சாலை இருக்கிறது. முறையான பயிற்சி வேண்டுவோருக்கு அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்களின் ஓராண்டுத் தையல் தொழில்நுட்பப் படிப்பு உண்டு. அதைச் சில வாரப் பயிற்சி எவ்வாறு ஈடுசெய்யும்?

குறை கூலியில் இருக்கிறது. சட்டப்படி அரசு நிர்ணயிக்கும் கீழ்வரம்பான குறைந்தபட்ச ஊதியத்தை ஆடைத் தொழிலாளர்களுக்கு உயர்த்தித் தமிழக அரசு 2014இல் ஆணையிட்டபோது, ஆலை உரிமையாளர்கள் வழக்குத் தொடுத்தனர். 2016இல் சென்னை உயர்நீதிமன்றம் அவ்வாணையை உறுதிசெய்த பிறகே உயர்வுக்கு வழி பிறந்தது. முப்பதுக்கு மேற்பட்ட பெண்கள் வேலைசெய்யும் ஆலையில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டமே கூறியது. இவ்வுரிமைகள் தொழிற்சங்கத்தாலும் சட்டத்தாலும் வந்தவை, பயிற்சி முகாமால் வந்தவை அல்ல.

வருவோரின் நல்லெண்ணம் ஐயத்திற்கு அப்பாற்பட்டது. ஆனால் இங்கே தைக்கப்படும் சட்டையின் கொள்முதல் விலையை முடிவுசெய்யும் நிறுவனங்கள் பெரும்பாலும் அவர்களுடைய நாடுகளிலேயே இருக்கின்றன; அந்த விலையில் தைத்தவளின் பங்கு எவ்வளவு என்று அவர்கள் முதலில் அங்கே கேட்கட்டும்.