மலை மழையும் சமவெளிக் கிணறும்



2024ஆம் ஆண்டு ஆகஸ்டு 17ஆம் நாள் அத்திக்கடவு–அவினாசித் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது. அறுபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கொங்குச் சமவெளி மக்கள் கேட்டு வந்த திட்டம் அது. 2016இல் அவினாசியில் உண்ணாநோன்பிருந்தும் கேட்டனர். சமவெளியாரின் செய்தி மலையில் வாழும் நமக்கு எதற்கு என்று எண்ணிவிட வேண்டாம். அத்திட்டத்தின் குழாய்களில் ஓடும் நீரில் நம் தேயிலைச் சரிவுகளில் பெய்த மழையும் கலந்திருக்கிறது.

கூடலூரின் மேற்குச் சரிவைத் தவிர்த்துப் பார்த்தால், நீலகிரியின் நீரெல்லாம் இரு வழிகளில் கீழிறங்குகிறது. குந்தா ஆறும் குன்னூர் ஆறும் பவானியில் சேர்கின்றன. பைக்காரா, மாயாறாகிப் பாய்கிறது. இவ்விரண்டும் 1955இல் கட்டி முடிக்கப்பட்ட பவானிசாகர் அணையில் ஒன்றாகின்றன. ஆயினும் ஆற்றுக்கு அருகிலேயே இருந்த அவினாசி, அன்னூர், பெருந்துறைப் பகுதிகள் மழைமறைவில் மேட்டுநிலமாய் நின்றுவிட்டன. மக்கள் கிணற்றை நம்பினர். கிணறு வற்றவே ஆழ்துளைக் கிணறு தோண்டினர். அதுவும் ஆயிரம் அடிக்குக் கீழே போயிற்று. கடன் வாங்கித் துளையிட்டுப் புழுதியை மட்டுமே கண்ட குடும்பங்கள் அங்கே ஏராளம்.

இப்போது பவானி ஆற்றின் கடைசியில், காளிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே, ஆண்டுக்கு ஒன்றரை டி.எம்.சி. உபரிநீர் எடுக்கப்படுகிறது. ஏறக்குறைய 4,200 கோடி லிட்டர் என்று கொள்ளலாம். ஆறு நீரேற்று நிலையங்கள் அதைப் படிப்படியாக மேலே தள்ளி, கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களிலுள்ள 1,045 ஏரி, குளம், குட்டைகளுக்கு அனுப்புகின்றன. அந்நீரை வாய்க்கால் வெட்டி வயலுக்குப் பாய்ச்சுவதில்லை. குளத்தில் நின்று மண்ணுக்குள் மெல்ல இறங்குவதே அதன் வேலை. அதனால் சுற்றுவட்டாரக் கிணறுகளில் நீர்மட்டம் உயரும். 24,468 ஏக்கர் நிலம் பயன்பெறும் என்பது கணக்கு. பெயர் அத்திக்கடவாயிருக்க நீர் எடுப்பது காளிங்கராயனில் ஏன் என்று சிலர் வினவுவர். அத்திக்கடவு அணைகளுக்கு மேலே, மலையடிவாரத்தில் உள்ளது. அங்கிருந்தே திருப்பிவிட்டால் நீர் தானாக ஓடிவரும் என்பது பழைய எண்ணம். ஆனால் கீழ்பவானிப் பாசனத்தார்க்கும், பதின்மூன்றாம் நூற்றாண்டிலிருந்து பாய்கின்ற காளிங்கராயன் வாய்க்காலார்க்கும் முந்திய உரிமை உண்டு. எல்லாரும் எடுத்தபின் எஞ்சுவதை எடுப்பதே நீதி என்று முடிவாயிற்று. நீதிக்கு விலை மின்சாரம்! நம் மலையிலிருந்து விழும்போது குந்தாவிலும் பைக்காராவிலும் மின்சாரம் தந்த அதே நீரை, மீண்டும் மின்சாரம் செலவழித்து மேலேற்ற வேண்டியிருக்கிறது.

வெளியிலிருந்து நீர் தருவித்து நிலத்தடியை நிரப்புவது பிற நாடுகளிலும் பழகிய முறையே. அமெரிக்காவின் தென் கலிபோர்னியாவில் தண்ணீரை மொத்தமாகக் கொண்டுவந்து உள்ளூர் அமைப்புகளுக்கு விற்பதற்கென்றே 1928இல் ஒரு பொது வாரியம் நிறுவப்பட்டது. அது வீடுகளுக்கு நேராக நீர் விற்பதில்லை. பாலைவனம் கடந்து கொலராடோ ஆற்றின் நீரை 1941 முதல் அது தருவித்தது. ஆரஞ்சு மாவட்டத்தார் 1949இலிருந்து அந்நீரை விலைக்கு வாங்கி, சாந்தா அனா ஆற்று மணலில் ஊற்றி, தங்கள் கிணறுகளைக் காத்தனர். ஆனால் 2000ஆம் ஆண்டிலிருந்து கொலராடோ ஆறே நீண்ட வறட்சியில் மெலிந்துவிட்டது. அம்மாவட்டத்தார் 2008 முதல் தங்கள் கழிவுநீரையே தூய்மையாக்கி நிலத்தடிக்கு அனுப்பி வருகின்றனர். பிறர் ஆற்றை நம்பிய கிணறு, அந்த ஆறு இளைத்தால் தானும் இளைக்கும் அன்றோ?

இங்கேதான் நம் வீட்டுக் கதை தொடங்குகிறது. நீலகிரி பாறைமலை. நமக்கு நிலத்தடி நீர் என்பது ஊற்றும் சதுப்பும்தான். சோலைக்காடும் புல்வெளியும் மழையை உறிஞ்சி வைத்து, கோடையிலும் துளித்துளியாய் விடும். ஆங்கிலேயர் காலந்தொட்டு அப்புல்வெளிகளில் கற்பூர மரமும் சீகை மரமும் நட்டோம். பள்ளத்துச் சதுப்புகளை வடித்து உருளைக்கிழங்கும் காரட்டும் பயிரிட்டோம். இதன் விளைவை உதகையின் மண்வள நீர்வள ஆராய்ச்சி மையத்தார் அளந்தே காட்டியுள்ளனர். கிளென்மார்கனில் அடுத்தடுத்திருந்த இரு சிறு நீர்ப்பிடிப்புகளை 1968 முதல் அளந்தனர். ஒன்றை இருந்தபடியே விட்டு, மற்றொன்றில் 1972இல் கற்பூர மரம் நட்டனர். முதல் பத்தாண்டில் அங்கிருந்து வந்த நீர் சராசரியாக 16 விழுக்காடு குறைந்தது. மரத்தை வெட்டி மறுதுளிர் வளர்ந்த காலத்தில் குறைவு 25 விழுக்காடு அளவுக்குப் போயிற்று. மழையில் குறைவில்லாதபோதும் ஊற்று மெலிந்ததென்று தோட்டத்துப் பெரியவர்கள் சொன்னால், அதை முதியோர் புலம்பல் என்று தள்ளிவிடலாகாது.

சமவெளிக் குளம் வறண்டால் குழாய் போட்டு நிரப்ப ஓர் அரசுத் திட்டம் உண்டு. மலையுச்சியின் ஊற்று வறண்டால் எந்த ஆற்றை மேலே ஏற்றுவது? எமரால்டு அணை நீரைக் குன்னூருக்குக் கொண்டுவரவே பெரும்பாடு பட வேண்டியதாயிற்று. லயன் வீடுகளில் குடத்தோடு வரிசையில் நிற்கும் நம் சகோதரிகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இதனால் சமவெளியார்மீது நமக்கு மனத்தாங்கல் வேண்டாம். தொடக்க நூலின் 26ஆம் அதிகாரத்தில் கெராரின் மேய்ப்பர்கள் தண்ணீருக்கு உரிமை கொண்டாடி ஈசாக்கின் ஆட்களோடு சச்சரவிட்டதை வாசிக்கிறோம். ஈசாக்கோ தந்தை ஆபிரகாம் வெட்டி, பெலிஸ்தியர் மண்ணிட்டு மூடிய கிணறுகளை முதலில் தூர்வாரினார். சச்சரவு எழுந்த இடத்தை விட்டு நகர்ந்து வேறு கிணறு தோண்டினார். தூய நீர் பெறுவது மனிதரின் அடிப்படை உரிமை எனத் திருத்தந்தை பிரான்சிசு 2015இல் தம் சுற்றுமடலில் எழுதினார்; அவ்வுரிமை அவினாசி உழவருக்கும் உண்டு, குந்தா தோட்டத் தொழிலாளிக்கும் உண்டு. ஆனால் குழாய்க்கும் நீரேற்று நிலையத்துக்கும் நூற்றுக்கணக்கான கோடிகள் செலவிடும் நாடு, அந்நீர் பிறக்கும் சதுப்பைக் காக்க ஒரு சிறு பங்கையாவது ஒதுக்க வேண்டுமென நாம் கேட்கலாம், கேட்கவும் வேண்டும்.

கேட்பதோடு கையாலும் சிறிது செய்யலாம். நம் பங்குகளில் பலவற்றுக்குச் சொந்த நிலம் இருக்கிறது. அந்நிலத்தின் பள்ளத்தில் பழைய ஊற்று ஒன்று மூடிக் கிடக்கிறதா என்று பங்குப் பேரவையார் பெரியவர்களைக் கேட்டறியட்டும். ஊற்றின் தலைமாட்டில் தானாய் முளைத்த சீகைக் கன்றுகளை வேரோடு பிடுங்கலாம். பெரிய மரமாயின் வனத்துறையின் அனுமதியின்றித் தொடலாகாது. சதுப்பில் குப்பையோ கட்டட மண்ணோ கொட்டவிடாமல் ஒரு வேலி போடலாம். வடகிழக்குப் பருவமழைக்கு முன் இவ்வேலை முடிந்தால், அடுத்த மார்ச்சில் அங்கே எத்தனை குடம் நீர் கிடைக்கிறது என்று இளைஞர் மன்றத்தார் எண்ணி எழுதி வைக்கட்டும்.