பிள்ளைகளும் நாமும்: நூற்றறுபது டொலர்க் கடதாசி

சென்ற மாதம் ஒரு தாயார் எமக்குத் தொலைபேசி எடுத்தார். கனடாவுக்கு வந்து எட்டு மாதங்கள்தான். கணவருக்கு வெதுப்பகத்தில் இரவு வேலை. "அண்ணை, படம் போட்ட கடதாசி வாங்க நூற்றறுபது டொலர் கேட்டுப் பெடியன் அழுறான். இது என்ன சூதாட்டமோ?" என்று கேட்டார். விசாரித்தபோது விடயம் வேறாக இருந்தது. மதிய இடைவேளையில் சில பிள்ளைகளோடு ஒரே மேசையில் இருந்து விளையாடியிருக்கிறான். ஒருநாள் அவனுடைய கட்டு குப்பை என்று சொல்லி எழுப்பி விட்டார்கள். ஆங்கிலம் இன்னும் சரியாக வராத பதினொரு வயதுப் பிள்ளைக்கு அந்தப் பள்ளியில் இருந்த ஒரே மேசை அதுதான்.

ஆகவே அந்தச் சனிக்கிழமை அவனையும் கூட்டிக்கொண்டு அட்டைகள் விற்கும் கடைக்குப் போனோம்.

ஊரில் 304 விளையாடிய எமக்கு இந்த விளையாட்டு முதலில் பிடிபடாது. நாம் ஒரு கட்டுக் கடதாசியில் இரண்டு முதல் ஆறு வரையானவற்றைக் கழற்றி வைத்துவிட்டு, மீதி 32ஐ நால்வர் எட்டெட்டாகப் பிரித்து, கேள்வி கேட்டு, துரும்பு வைத்து ஒரு பின்னேரம் முழுவதும் இருந்தோம். கட்டு ஒருவருடையது, ஆட்டம் எல்லாருடையது. இங்கே அப்படியல்ல. ஒவ்வொருவரும் தத்தம் கட்டைத் தாமே சேர்த்துக்கொண்டு வரவேண்டும். 1993இல் றிச்சர்ட் கார்ஃபீல்ட் என்ற கணித அறிஞர் உருவாக்கிய 'மஜிக்: த கதரிங்' இதைத் தொடக்கி வைத்தது. 1996இல் யப்பானில் போக்கிமொன் அட்டைகளும் 1999இல் யூ-கி-ஓ அட்டைகளும் வந்தன. மூடிய பொதிகளில் விற்கிறார்கள். உள்ளே என்ன இருக்கிறதென்று பிரிக்கும்வரை தெரியாது. அந்தத் தாயாருக்கு வந்த சந்தேகம் முழுக்கப் பிழை என்று நாம் சொல்லமாட்டோம்.

அட்டைகளில் சாதாரணம், அரிது என்று தரம் உண்டு. மஜிக்கில் தொகுதிச் சின்னம் பொதுவாகக் கறுப்பு நிறமென்றால் சாதாரணம், வெள்ளி நிறம் சற்று அரிது, பொன் நிறம் அரிது. போக்கிமொனில் மூலையில் உள்ள வட்டம் சாதாரணத்தையும், சாய்சதுரம் அடுத்ததையும், நட்சத்திரம் அரியதையும் குறிக்கும். ஒரு கட்டில் ஒரே அட்டையின் நான்கு பிரதிகள் வரை வைக்கலாம். பெடியன் கேட்ட அட்டை ஒன்று நாற்பது டொலர். நாலு வேண்டுமாம். நூற்றறுபதின் கணக்கு இதுதான்.

ஆனால் செலவைத் தீர்மானிப்பது விளையாட்டு அல்ல, எந்த ஆட்ட முறையில் விளையாடுகிறார்கள் என்பதே. பெற்றோர் பலருக்கு இது தெரியாது. பிள்ளைகளும் சொல்வதில்லை. 'ஸ்ரான்டட்' என்ற முறையில் பழைய அட்டைகள் காலாவதியாகிவிடும். மஜிக்கில் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள்தான் அவற்றின் ஆயுள். போக்கிமொனிலும் அட்டையின் அடியில் உள்ள எழுத்தைப் பார்த்துப் பழையவற்றை விலக்குகிறார்கள். இன்று கடன்பட்டு வாங்கினாலும் நாளை திரும்ப வாங்கவேண்டும்.

இதற்கு மாறாக 'போப்பர்' என்றொரு முறை உண்டு. ஆங்கிலத்தில் பரம ஏழை என்று பொருள். பெயரைக் கேட்டு முகம் சுளிக்க வேண்டாம். வசதியான பிள்ளைகளும் விரும்பி ஆடுவதுதான். சட்டம் ஒன்றே ஒன்று: சாதாரண அட்டையாக என்றாவது ஒருமுறை வெளிவந்தவை மட்டுமே கட்டில் இருக்கலாம். குறைந்தது 60 அட்டை. கணினி ஆட்டத்தில் 2008இலும், கையில் பிடித்து ஆடும் போட்டிகளுக்கு 2019இலும் நிறுவனமே அங்கீகரித்தது. தடைசெய்த சில அட்டைகளைத் தவிர மற்றவை காலாவதியாவதில்லை. பலம் குறைந்த ஆட்டம் என்றும் நினைக்கவேண்டாம். 'லைட்னிங் போல்ட்' 1993இலேயே வந்த சாதாரண அட்டை. ஒரே ஒரு மானா கொடுத்து எதிராளியின் 20 உயிரில் மூன்றைக் கழிக்கும். பல நூறு டொலர்க் கட்டுகளிலும் அதை வைத்து ஆடுகிறார்கள்.

போட்டித் தரமான போப்பர்க் கட்டுக்கும் சில பத்து டொலர் தேவைப்படலாம் என்பதை மறைக்கவில்லை. வீட்டிலும் பள்ளியிலும் ஆட அவ்வளவு வேண்டாம். நாம் போன கடையில் சாதாரண அட்டைகளைப் பெட்டியில் கொட்டிக் கால் டொலருக்கு ஒன்றாக விற்றார்கள். பொதி வாங்காதீர்கள், தேவையானதைத் தனி அட்டையாக வாங்குங்கள். பெரிய பிள்ளைகளோடு அட்டை மாற்றுவதென்றால் விலை கேட்டறிந்த பிறகே மாற்றச் சொல்லுங்கள். புதிதாக வந்த பிள்ளையிடம் நல்லதை வாங்கிக்கொண்டு பளபளப்பான ஒன்றைத் தள்ளிவிடுவது எங்கும் நடக்கிறது.

போக்கிமொன் ஆடும் வீடுகளுக்கு: ரசிகர்கள் உருவாக்கிய 'ஜிம் லீடர் சலஞ்ச்' என்ற முறையில், அடிப்படைச் சக்தி அட்டை தவிர, எதிலும் ஒன்றுதான் வைக்கலாம். விலையேறிய 'ஈஎக்ஸ்' போன்றவைக்கு இடமில்லை. நாலு பிரதி தேடி அலையும் வேலை இல்லை. கட்டாகவே விற்கும் 60 அட்டைத் தொகுதி இரண்டை அண்ணனும் தங்கையும் அப்படியே வைத்து ஆடினாலும் போதும்.

ஆனால் எமக்கு மிகவும் பிடித்தது 'கியூப்'. அது 304 போலத்தான், கட்டு ஒருவருடையது. ஒன்றுபோல் மற்றொன்று இல்லாத 180 சாதாரண அட்டைகளைச் சப்பாத்துப் பெட்டி ஒன்றில் சேர்த்தோம். நாலு பேருக்கு ஆளுக்கு 15 அட்டைக் குவியல் மூன்று. குவியலில் ஒன்றை எடுத்துக்கொண்டு மீதியைப் பக்கத்தவரிடம் கொடுக்கவேண்டும். கடைசியில் கையிலிருக்கும் 45இல் 23ஐத் தெரிந்து, 17 நில அட்டைகள் சேர்த்தால் 40 அட்டைக் கட்டு. ஆட்டம் முடிந்ததும் எல்லாம் பெட்டிக்குள். அரிய அட்டை யாரிடம் இருக்கிறது என்ற கேள்வியே எழாது. தமிழ் வகுப்பு முடிந்தபின் ஆடிப் பார்த்தோம். விதிகளை மற்றப் பிள்ளைகளுக்குத் தமிழில் விளங்கப்படுத்தியவன் அந்தப் பெடியன்தான். பெட்டிக்கும் நிலங்களுக்குமாகச் செலவு ஐம்பது டொலரைத் தாண்டவில்லை. நாலு வீட்டார் பகிர்ந்தோம்.

பிறகு பெட்டியைப் பள்ளிக்குக் கொண்டுபோக அனுமதி கேட்டான். கொடுத்தோம். தாயார் நேற்று மீண்டும் தொலைபேசி எடுத்தார். மூன்று பேர் இருக்கிறார்களாம், நாலாவது ஆளைத் தேடுகிறானாம்.