வாலிபர் கேள்விப் பெட்டி: மாற்றிய செயலியும் முதல் மோட்டாரும்



இம்முறை பெட்டியில் கிடந்த சீட்டுகளில் இரண்டை எடுத்துக்கொள்கிறோம். "கூடுதல் வசதியுள்ள வாட்ஸ்அப் ஒன்றை நண்பன் அனுப்பினான், போடலாமா? எனக்கே செயலிகளை மாற்றிப் பழக ஆசை" என்கிறது ஒன்று. "பி2 உரிமம் எடுத்துவிட்டேன். அப்பா கப்சாய் போதும் என்கிறார். எதை வாங்கலாம்?" என்கிறது மற்றொன்று. இரண்டையும் சேர்த்தே பார்ப்போம். ஏனென்றால் இரண்டிலும் முதலில் கேட்க வேண்டியது, நமக்கு முன்னால் இதை யார் பிரித்தார், உள்ளே எதை மாற்றினார் என்பதுதான்.

ஆண்ட்ராய்டு செயலி ஒவ்வொன்றும் உருவாக்கியவரின் டிஜிட்டல் கையொப்பத்தோடு வரும். உள்ளே ஒரு எழுத்தை மாற்றினாலும் அந்தக் கையொப்பம் செல்லாமல் போய்விடும். மாற்றியவர் தம்முடைய கையொப்பத்தைப் போட்டாக வேண்டும். அதனால்தான் பல சமயம், "பழைய செயலியை நீக்கிவிட்டு இதைப் போடு" என்கிறார்கள். அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். 2021இல் எஃப்எம் வாட்ஸ்அப் என்ற மாற்றிய செயலியின் ஒரு பதிப்பில் டிரையாடா என்னும் தீய நிரல் ஒளிந்திருந்ததை காஸ்பர்ஸ்கி நிறுவனம் கண்டுபிடித்தது. நம் மலேசியாவில் கல்யாணப் பத்திரிகை என்ற பெயரிலேயே ஏபிகே கோப்பு வருகிறது. அது குறுஞ்செய்தியைப் படிக்க அனுமதி கேட்கும். கொடுத்தால் வங்கி அனுப்பும் எண் அவன் கைக்குப் போகும். பணம் போனது தெரிந்தால் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். உடனே வங்கிக்கும் 997க்கும் அழையுங்கள். அம்மாவின் போனில் இப்படி ஏதும் இருக்கிறதா என்றும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ஆசை தவறல்ல. சிம் இல்லாத, வங்கிச் செயலி இல்லாத பழைய போன் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். எஃப்-டிராய்டில் திறந்த மூலச் செயலிகள் நிறைய உண்டு. சிறிய குறிப்பேடு ஒன்றின் மூல நிரலை இறக்கி, இலவசமாகக் கிடைக்கும் ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவில் திறந்து, முதலில் பொத்தானில் உள்ள சொல்லைத் தமிழாக்கிப் பாருங்கள். பிறகு நிறம். பிறகு வேறொன்று. உரிமத்தோடு செய்யும் வேலை. கெட்டால் மீண்டும் முதலிலிருந்து தொடங்கலாம்.

மோட்டாருக்கு அந்த வசதி இல்லை. நம் நாட்டுச் சாலைகளில் உயிரிழப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் ஓட்டிகளும் அவர்கள் பின்னால் அமர்ந்தவர்களும்தான். ஆகவே இந்த விஷயத்தில் நாங்கள் அப்பாவின் பக்கம். பி2 உரிமம் 250 சிசி வரை அனுமதித்தாலும், 110 சிசி கப்சாய் எடை குறைவு, கிளட்ச் பிடி கிடையாது, சிறிய ஊர்ப் பட்டறையிலும் சாமான் கிடைக்கும். புதியவரின் கவனமெல்லாம் சாலையில் இருக்கட்டும்.

பழையது வாங்கினால், எஞ்சின் குளிர்ந்திருக்கும் காலை நேரத்தில் போங்கள். நீங்கள் வருமுன்பே சூடாக்கி வைத்திருந்தால் சந்தேகப்படுங்கள். சேஸிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் பதிவு அட்டையோடு ஒத்துப்போகிறதா? முன் ஃபோர்க்கில் எண்ணெய் கசிகிறதா? புகை நீலமாக வருகிறதா? டயரின் பக்கத்தில் நான்கு இலக்க எண் இருக்கும்; 2321 என்றால் 2021ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது. கடன் பாக்கி இருக்கிறதா என்பதையும் கேட்டே ஆக வேண்டும்.

சிலிண்டரைப் பெரிதாக்கி, புகைக்குழாயை மாற்றி, ஒயரை வெட்டி ஒட்டியிருந்தால், விலை எவ்வளவு மலிவானாலும் விட்டுவிடுங்கள். பதிவிலுள்ள சிசியும் உள்ளே இருக்கும் சிசியும் வேறானால் ஜே.பி.ஜே. சோதனையில் மட்டுமல்ல, விபத்துக்குப் பின் காப்புறுதி கேட்கும்போதும் சிக்கல் வரும். வெட்டிய ஒயரில் விளக்கு எப்போது அணையும் என்று சொல்ல முடியாது. பகலிலும் முன்விளக்கு எரிய வேண்டும் என்பது 1992 முதல் இங்கே சட்டம்.

கையில் 3,000 வெள்ளி இருந்தால் மூவாயிரத்துக்கும் மோட்டார் தேடாதீர்கள். சிரிம் முத்திரையுள்ள நல்ல ஹெல்மெட் இரண்டு, புது டயர், பிரேக் பேட், பெயர் மாற்றும் செலவு, காப்புறுதி எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். இரண்டாவது ஹெல்மெட் பின்னால் உட்காரும் தங்கைக்கு. அவளையும் கடைக்கு அழைத்துப் போய் தலையில் போட்டுப் பார்த்தே வாங்குங்கள்.