குப்பை எவர் வாசலில் கொட்டப்படுகிறது?

1982 செப்டம்பரில், அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்து வாரன் மாவட்டத்தில், பிசிபி என்னும் நச்சு கலந்த மண்ணை ஏற்றி வந்த லாரிகளை மறித்து மக்கள் சாலையில் படுத்தனர். ஆறு வாரங்களில் ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் கைது செய்யப்பட்டனர். அவர்களில் பெரும்பாலோர் ஏழைக் கறுப்பின மக்கள். நச்சுக் கிடங்கை அவர்களால் தடுக்க இயலவில்லை. ஆயினும், சுற்றுச்சூழல் நீதி இயக்கம் அந்தப் போராட்டத்தில்தான் வேர்கொண்டது.

1987இல் ஐக்கிய கிறிஸ்து திருச்சபையின் இனநீதி ஆணையம் ஓர் ஆய்வறிக்கையை வெளியிட்டது. அபாயகரமான கழிவு நிலையங்கள் அமையும் இடத்தைத் தீர்மானிப்பதில், குடும்ப வருமானத்தையும் வீட்டு மதிப்பையும்விட இனமே முதன்மையான காரணி என்று அது நிறுவியது. ‘எல்லாம் வர்க்கப் பிரச்சனையே’ என்று கூறிக் கடந்துவிடும் தோழர்கள் இம்முடிவை ஊன்றிக் கவனிக்க வேண்டும். மூலதனம் மலிவான நிலத்தைத் தேடுகிறது. எதிர்ப்புக்கு மதிப்பில்லாத இடத்தையும் தேடுகிறது. அமெரிக்காவில் அந்த இடத்தை அதற்குக் காட்டிக்கொடுப்பது இனவெறி.

1990இல் தென்மேற்கு மாநிலங்களின் மக்கள் அமைப்பினர், நாட்டின் பத்துப் பெரிய சுற்றுச்சூழல் அமைப்புகளுக்குக் கடிதம் எழுதினர். நச்சுக்கு முதற்பலியாகும் மக்கள் உங்கள் பணியாளர்களிலும் நிர்வாகக் குழுக்களிலும் ஏன் இல்லை என்பதே அதன் சாரம். மறு ஆண்டு வாஷிங்டனில் கூடிய மாநாடு 17 கோட்பாடுகளை ஏற்றது. முடிவெடுக்கும் ஒவ்வொரு மட்டத்திலும் சம பங்கு என்பது அவற்றுள் ஒன்று. பாதுகாப்பற்ற பிழைப்பா, வேலையின்மையா என்று தொழிலாளரை நிர்ப்பந்திக்கலாகாது என்பது மற்றொன்று. இக்கோரிக்கைகளையெல்லாம் ‘பன்முகத்தன்மை’ என்ற ஒற்றைச் சொல்லில் மொழிபெயர்த்துவிட்டு நாம் ஓய்ந்துவிடுகிறோம். மேடையில் சில முகங்களைச் சேர்ப்பதோடு நிறைவேறிவிடும் கோரிக்கைகள் அல்ல இவை.

இது தொலைதூரத்துக் கதையும் அன்று. 1984இல் போபாலில் கசிந்த மீத்தைல் ஐசோசயனேட்டை, யூனியன் கார்பைடு அமெரிக்காவில் உற்பத்தி செய்த இடம், மேற்கு வர்ஜீனியாவில் கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக வாழ்ந்த இன்ஸ்டிட்யூட் என்னும் சிற்றூர். மறு ஆண்டு ஆகஸ்டில் அங்கும் வேறொரு நச்சு வாயு கசிந்து, நூற்றுக்கும் மேற்பட்டோர் சிகிச்சை பெற்றனர். போபாலிலும் முதலில் மடிந்தோர் ஆலைச் சுவரையொட்டிக் குடிசைகளில் வாழ்ந்த உழைப்பாளிகளே.

நம் நாட்டில் இனத்தின் இடத்தில் சாதி நிற்கிறது. சாக்கடைக்குள் இறக்கப்படுவோர் எவர், குப்பைமேட்டின் அருகே குடியமர்த்தப்படுவோர் எவர் என்பதைத் தோழர்கள் அறிவர். சுற்றுச்சூழல் பற்றித் தீர்மானம் இயற்றும் நமது குழுக்களில் அவர்கள் எத்தனை பேர் அமர்ந்திருக்கிறார்கள்? அடுத்த மாநாட்டுக்கு முன்னர் ஒவ்வொரு கிளையும் இக்கேள்விக்கு நேர்மையாக விடை எழுதட்டும்.