இறால் ஓட்டோடு போகும் செலாவணி

புதுடில்லி: 2023-24ஆம் ஆண்டில் இந்தியா 17.81 லட்சம் டன் கடலுணவை ஏற்றுமதி செய்து 60,523 கோடி ரூபாய் ஈட்டியது. இத்தொகையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு உறையவைத்த இறாலால் வந்தது. தலையையும் ஓட்டையும் நீக்கினால் இறாலின் எடையில் சுமார் பாதி குறைந்துவிடும். அந்தப் பாதி என்னவாகிறது என்பது கிருஷி பவனில் இன்னும் உரிய கவனம் பெறவில்லை.

வேகவைத்த இறால் சிவப்பதற்குக் காரணம் அஸ்டாசாந்தின் என்ற நிறமி. உயிருள்ள இறாலில் அது புரதத்தோடு பிணைந்து மறைந்திருக்கிறது. சூடு பட்டதும் வெளிப்படுகிறது. பிராணவாயுவால் கொழுப்பு கெடுவதைத் தடுக்கும் ஆற்றலும் அதற்கு உண்டு. எண்ணெய்ப் பண்டங்களில் நாள்பட்டால் அடிக்கும் சிக்கு வாடையைத் தவிர்க்க இன்று பெரும்பாலும் செயற்கை ரசாயனங்களே பயன்படுகின்றன. மேல்நாட்டு சால்மன் பண்ணைகள் மீனுக்குச் சிவப்பு நிறம் வருவதற்காகத் தீவனத்தில் சேர்க்கும் அஸ்டாசாந்தினிலும் பெரும்பகுதி ரசாயன ஆலைகளில் தயாராவதே.

நம்மிடம் விஞ்ஞானம் இல்லாமல் இல்லை. மைசூர் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தார் இறால் கழிவிலிருந்து இந்நிறமியைச் சமையல் எண்ணெயிலேயே இறக்கி எடுக்கும் முறையை ஆராய்ந்து 2005இல் வெளியிட்டனர். நிறமி கலந்த எண்ணெயை அப்படியே மீன் தீவனத்தில் சேர்க்கலாம். கொச்சி மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் ஓட்டிலிருந்து கைட்டோசான் தயாரிக்கும் முறையைத் தொழில் முனைவோருக்குக் கற்றுத் தந்திருக்கிறது.

தடை வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு டன் கழிவில் கிடைக்கும் நிறமி சில பத்து கிராம் முதல் நூறு கிராமுக்குச் சற்று மேல் வரைதான். இதை மட்டும் நம்பி ஆலை வைப்பவர் கையைச் சுட்டுக்கொள்வார். நிறமி, புரதம், கைட்டின் என எல்லாவற்றையும் ஒரே வரிசையில் எடுத்தால்தான் கட்டுப்படியாகும். ஆனால் கைட்டின் தயாரிக்கும் வழக்கமான முறையில் ஓட்டை அமிலத்திலும் காரத்திலும் ஊறவைத்துக் கழுவுகிறார்கள். புரதம் கழிவுநீரோடு போகிறது, நிறமியும் வீணாகிறது. நுண்ணுயிர்களைக் கொண்டு புளிக்கவைத்தால் இரண்டையும் பெருமளவு மீட்கலாம் என்பதையும் மைசூர் ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள்.

எந்த முறையானாலும் கழிவு புதிதாக இருக்க வேண்டும். இறால் தலையில் ஜீரண நொதிகள் இருப்பதால் ஐஸ் இல்லாவிட்டால் சில மணி நேரத்தில் கெட்டுப்போகும். உரித்த சதைக்கு ஐஸ் உண்டு. மூலையில் குவியும் ஓட்டுக்கு யார் ஐஸ் போடுவார்கள்?

டில்லிவாசிகள் இதைக் கடலோர விவகாரம் என்று ஒதுக்குவதற்கில்லை. காசிப்பூர் மீன் சந்தையில் சேரும் செதிளும் குடலும்கூட இதே வகைப் பண்டம்தான். மீன் புரதத்தை நொதிகளால் சிறு துண்டுகளாக்கினால், அவற்றில் சிலவற்றுக்கும் கொழுப்பைக் காக்கும் குணம் இருக்கிறது. சந்தைக்கு அருகிலேயே நிற்கும் குப்பை மலையோ 2022இலும் 2024இலும் தீப்பற்றி எரிந்தது.

2020இல் தொடங்கப்பட்ட பிரதம மந்திரி மீன்வளத் திட்டத்தின் மதிப்பீடு 20,050 கோடி ரூபாய். உற்பத்தியைப் பெருக்குவது, ஏற்றுமதியை ஒரு லட்சம் கோடியாக்குவது, அறுவடைக்குப் பிந்தைய நஷ்டத்தைக் குறைப்பது ஆகியவை அதன் முக்கிய இலக்குகள். கழிவு அந்த வரிசையில் இடம் பெறவில்லை. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்கள் மீதான வரியை 50 சதவீதமாக உயர்த்தியபோது, இறால் என்ற ஒரே சரக்கையும் பெரும்பாலும் ஒரே சந்தையையும் நம்பியிருப்பதன் ஆபத்து ஆந்திரப் பண்ணையாளர்களுக்கு நன்றாகவே புரிந்தது.

மத்திய உதவி பெறும் பதனிடும் ஆலைகளில் ஓட்டுக்கும் குளிர் அறை வேண்டும் என்று நிபந்தனை விதிப்பது கிருஷி பவனால் ஆகாத காரியமல்ல. அதன் செலவை ஆலை ஏற்பதா, ஓட்டை வாங்குபவர் ஏற்பதா, மானியமாகத் தருவதா என்பதைத்தான் முதலில் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது.