கண்ணாடிக்கு வந்த கருவி தொட்டிக்கு ஏன் வரவில்லை?

பழைய மகாபலிபுரம் சாலையில் நான் வேலை பார்க்கும் கட்டடத்துக்குக் கண்ணாடி கழுவப் புதுக் கருவி வந்திருக்கிறது. கார்பன் ஃபைபர் கம்பு, நுனியில் பிரஷ், உள்ளே தண்ணீர்க் குழாய். உப்பு முழுக்க நீக்கிய தண்ணீர் என்பதால் காய்ந்தபின் கறை நிற்காது; துடைக்கவும் வேண்டாம். மூன்று நான்கு மாடிவரை தரையில் நின்றே கழுவிவிடலாம். கயிற்றில் தொங்கியவர் இப்போது செருப்புக் காலோடு நிற்கிறார். நல்லது, மகிழ்ச்சிதான்.

அதே வாரம் பின்பக்கத்துக் கழிவுநீர்த் தொட்டி நிரம்பியது. வந்த இருவரிடம் வாளியும் கயிறும்தான். கையுறைகூட இல்லை.

"லாரி வராதாண்ணே?"

"அடிச் சகதிய லாரி இழுக்காது தம்பி. ஆளுதான் எறங்கணும்."

நாங்கள் நாலு பேர் மறித்தோம். அன்று பகலில் இறங்கவில்லை. மறுநாள் காலை தொட்டி காலியாக இருந்தது.

எந்திரம் இல்லையா? மேன்ஹோலைச் சுத்தம் செய்யும் பேண்டிகூட் ரோபோ 2018லேயே திருவனந்தபுரத்தில் வேலைக்கு வந்துவிட்டது. கண்ணாடி கழுவ எந்த ஊர்க்காரர் வந்தாலும் சரி. தொட்டிக்கு மட்டும் எந்தத் தெருவில் போய் ஆள் கூப்பிடுவது என்று ஒப்பந்தக்காரருக்கு அத்துப்படி. அந்தத் தெரு இருக்கும்வரை எந்திரத்தின் விலை அவருக்கு அதிகமாகத்தான் தெரியும். உச்ச நீதிமன்றம் 2023இல் சாக்கடை மரணத்துக்கான இழப்பீட்டை 10 லட்சத்திலிருந்து 30 லட்சமாக்கியது. செத்த பிறகு கிடைக்கும் பணம்.

2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7ஆம் பிரிவு இப்படி ஆள் இறக்குவதைத் தடுக்கிறது. 9ஆம் பிரிவில் முதல் முறைக்கே இரண்டு ஆண்டுவரை சிறை உண்டு. இரண்டையும் நகலெடுத்து, கம்பு வாங்கிய அதே நிர்வாகத்திடம் கொடுத்திருக்கிறோம். தொட்டி எந்திரத்துக்கு எப்போது விலை கேட்பீர்கள் என்றும் எழுதியிருக்கிறோம். பதில் வரவில்லை.